உயர்நிலை வகுப்பில் இலக்கணமும் நிறுத்தக்குறிகளும்: நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். பெற்றோர் கூட்டத்திலும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களோடு பேசும்போதும், மாணவர்கள் தனியாக வந்து நிற்கும்போதும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. தேவையான கேள்வியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு இலக்கணத்தை எங்கிருந்து தொடங்குவது?

அந்தப் பிள்ளையின் பேச்சிலிருந்து. பாடநூலைத் திறந்தவுடன் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன: வேற்றுமைத்தொகை, பண்புத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை. பிள்ளைகள் அவற்றை நன்றாகவே மனப்பாடம் செய்கிறார்கள். ‘ஊறுகாய்’ என்று பலகையில் எழுதி இலக்கணக்குறிப்பு கேட்டால், வகுப்பே ‘வினைத்தொகை’ என்று சொல்லும். அதே வகுப்பில் அன்று மாலை வாங்கிய கட்டுரையில் ‘சுடுத்தண்ணீர்’ என்று எழுதியிருப்பார்கள். சுடுதண்ணீரும் வினைத்தொகைதான், வினைத்தொகையில் வல்லினம் மிகாது, அதாவது அடுத்த சொல்லின் க, ச, த, ப எழுத்துக்கு முன் ஒற்று வராது என்பது அவர்கள் எழுதும்போது நினைவுக்கு வருவதே இல்லை. பெயர் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கிறது.

அதனால் முதலில் ஒரு மாதம் நான் இலக்கணப் பெயர் எதையும் சொல்வதில்லை. பிள்ளைகள் பேசும் வாக்கியங்களைப் பலகையில் எழுதுவோம். ‘நேத்து ஆத்துல குளிச்சோம்.’ இதில் யார் குளித்தது? யாரும் ‘நாங்கள்’ என்று சொல்லவில்லையே, எப்படித் தெரிந்தது? ‘ஓம்’ என்ற கடைசித் துண்டு சொல்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். எப்போது குளித்தது? ‘நேத்து’ என்ற சொல்லை அழித்துவிட்டுக் கேட்டாலும் நடந்துமுடிந்தது என்று தெரிகிறதே, அது எங்கே ஒளிந்திருக்கிறது? இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபிறகு விகுதி, இடைநிலை என்ற பெயர்களைச் சொன்னால், ஏற்கனவே கையில் வைத்திருக்கும் பொருளுக்குப் பெயர் கிடைத்த மகிழ்ச்சி வருகிறது. பெயர் கடைசியில்தான் வர வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் நெல்லைப் பேச்சை அப்படியே எழுதிவிடுகிறார்கள். அதைத் தடுக்க வழி என்ன?

பேச்சைத் தடுக்கவே கூடாது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். ‘இப்படிப் பேசாதே, இது கொச்சை’ என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியர், அந்தப் பிள்ளையின் அம்மாவையும் ஆச்சியையும் சேர்த்துத்தான் குறைசொல்கிறார். அப்புறம் அந்தப் பிள்ளை வகுப்பில் வாயைத் திறக்காது. வாயைத் திறக்காத பிள்ளைக்கு மொழிப்பாடம் நடத்த முடியாது.

பேச்சையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. நம் பக்கத்துப் பேச்சு இதற்கு மிகவும் வசதியானது. ‘அவன் படிக்கான்’, ‘அவ சிரிக்கா’, ‘அவன் நிக்கான்’ என்று சொல்கிறோம். இதையே பிள்ளைகள் விடைத்தாளில் ‘அவன் படிக்கான்’ என்று எழுதுகிறார்கள். முக்காலத்துக்கும் அவர்கள் எழுதும் வடிவங்களைப் பலகையில் எழுதுங்கள்: படித்தான், படிக்கான், படிப்பான். அதற்குக் கீழே எழுத்துத் தமிழில் உள்ள மூன்றையும் எழுதுங்கள்: படித்தான், படிக்கிறான், படிப்பான். முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருக்கின்றன, நடுவில் உள்ளது மட்டும் மாறுகிறது என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். என்ன மாறியது? ‘கிறு’ என்ற துண்டு பேச்சில் விழுந்துவிட்டது. படி + க் + கிறு + ஆன். அதுதான் நிகழ்கால இடைநிலை. பகுபத உறுப்பிலக்கணத்தில், அதாவது ஒரு சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்துக் காட்டுவதில், மதிப்பெண் வாங்கப் பலரும் திணறும் இடம் இது. நெல்லைப் பிள்ளைக்குத் தன் பேச்சே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

மரியாதைப் பன்மையும் அப்படித்தான். ‘தாத்தா வந்தாவ’, ‘சார் சொன்னாவ’, ‘நீங்க எப்ப வந்திய?’ என்கிறோம். இந்த ‘ஆவ’ எழுத்தில் ‘ஆர்’ அல்லது ‘ஆர்கள்’ ஆகிறது; ‘இய’ என்பது ‘ஈர்கள்’ ஆகிறது. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் வீட்டுச் சொல், வலப்பக்கம் எழுத்துச் சொல் என்று பிள்ளைகளையே எழுதிவரச் சொல்லுங்கள். சில வாரங்களில் அது அவர்களுடைய சொந்த இலக்கணப் புத்தகம் ஆகிவிடும். ‘ஆச்சி பேசினதை எழுதிட்டு வா’ என்று வீட்டுப்பாடம் கொடுத்தால், செய்யாமல் வருகிற பிள்ளை மிகக் குறைவு.

கதை எழுதும்போது உரையாடலில் வட்டார வழக்கு வரலாமா என்றும் கேட்பார்கள். தாராளமாக வரலாம். மேற்கோள்குறிக்குள் இருக்கட்டும், கதை சொல்லும் வாக்கியங்கள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். புதுமைப்பித்தன் முதல் இந்த மண்ணின் எழுத்தாளர்கள் பலர் திருநெல்வேலிப் பேச்சை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர்கள்தான்.

ழகர, ளகரப் பிழைகளுக்கு ஏதாவது விதி உண்டா?

எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதி கிடையாது. சொல்லாகப் பழக வேண்டும். ‘வாளப்பளம்’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு வாழையும் வாளையும் எழுத்தில் குழம்பத்தான் செய்யும். ஒரே நாளில் பெரிய பட்டியலைக் கொடுப்பதால் பயனில்லை. கிழங்கு, பழம், மழை, கழனி, உழவு, தாழை, விழுது என்று ஊரில் கண்ணில் படும் பொருள்களின் பெயர்களை வாரத்துக்குச் சிலவாக எடுத்து, ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லி எழுத வைக்கலாம். சொல்வதுதான் முக்கியம். நாக்கு மடியாமல் கை ழகரத்தை எழுதாது.

வல்லினம் மிகும் இடம், மிகா இடம்: இத்தனை விதிகளை எப்படி நினைவில் வைப்பது?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் மிகும் இடங்களும் மிகா இடங்களும் நீளமாக வருகின்றன. பட்டியலாகப் படித்தால் யாருக்குமே மலைப்பாகத்தான் இருக்கும்.

முதலில் பிள்ளைகளுக்கு ஒன்றைக் காட்டுங்கள்: இந்த விதி அவர்கள் காதுக்கு ஏற்கனவே தெரியும். ‘தந்த பலகை’ என்று சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் ‘தந்தப் பலகை’ என்று சொல்லச் சொல்லுங்கள். முதலாவதில் பகரம் மெலிந்து ஒலிக்கிறது, இரண்டாவதில் உதடு அழுந்திப் பிரிகிறது. முதலாவது யாரோ கொடுத்த பலகை, இரண்டாவது யானைத் தந்தத்தால் செய்த பலகை. ஒரே ஒரு ஒற்று பொருளையே மாற்றிவிடுகிறது.

அடுத்து நம் ஊர்ப் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கருப்பட்டி.

கருப்பட்டி கரைந்தது.
கருப்பட்டி கரைத்தாள்.
கருப்பட்டியைக் கரைத்தாள்.
கருப்பட்டிக் காப்பி குடித்தாள்.

நான்கையும் உரக்கப் படித்தால் எங்கே அழுத்தம் விழுகிறது என்று தெரியும். முதல் வாக்கியத்தில் கருப்பட்டிதான் எழுவாய். எழுவாய்த் தொடரில் மிகாது. இரண்டாவதில் ‘ஐ’ உருபு மறைந்திருக்கிறது. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் மிகாது. மூன்றாவதில் உருபு வெளியே தெரிகிறது, அதனால் மிகும். நான்காவதில் கருப்பட்டியால் செய்த காப்பி என்று உருபும் பயனும் சேர்ந்து மறைந்திருக்கின்றன, அங்கேயும் மிகும். இந்த நான்கு வாக்கியங்களை ஒரு பாடவேளை முழுவதும் வைத்துக்கொண்டு பேசலாம். அடுத்த நாள் பிள்ளைகள் பதநீர், பனை, பத்தமடைப் பாய் என்று தாங்களே எடுத்துக்காட்டு கொண்டுவருவார்கள்.

பிறகு விதிகளில் எதை முதலில் பிடிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். கட்டுரையில் அடிக்கடி வரும் இடங்களே முதலில் போதும். ‘ஐ’ உருபுக்குப் பின்: புத்தகத்தைப் படித்தான். ‘கு’ உருபுக்குப் பின்: தென்காசிக்குச் சென்றான். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்: அந்தப் பையன். அப்படி, இப்படி, எப்படி என்பவற்றுக்குப் பின்: எப்படிச் சொன்னான். வினையெச்சங்களில் வரச் சொன்னான், ஓடிப் போனான், படித்துப் பார்த்தான். இவை கைக்கு வந்துவிட்டால் ஒரு பிள்ளையின் கட்டுரையில் சந்திப்பிழை பெருமளவு குறைந்துவிடும். மற்றவை மெல்ல வரட்டும்.

மிகா இடங்களில் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் பெயரெச்சத்தில்: ‘வந்தப் பையன்’, ‘படித்தப் புத்தகம்’ என்று எழுதுவார்கள். ‘வந்த பையன்’ என்பதே சரி. அந்தப் பையனுக்கு மிகும், வந்த பையனுக்கு மிகாது என்று இரண்டையும் ஒட்டிச் சொல்லிக்கொடுத்தால் மறக்காது. அதேபோல் பல, சில என்பவற்றுக்குப் பின் மிகாது. எண்ணுப்பெயர்களில் எட்டும் பத்தும் மட்டும் தனி: மூன்று பேர், ஐந்து பேர் என்போம், எட்டுப் பேர், பத்துப் பேர் என்போம்.

காதை எப்போதும் நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம், முழுக்க நம்ப முடியாது. வேகமாகப் பேசும்போது ‘பள்ளிக்கு போனான்’ என்று அழுத்தம் இல்லாமலே சொல்கிறவர்கள் உண்டு. அதனால் ஐயம் வந்தால் மெதுவாக, மேடையில் படிப்பதுபோல் படித்துப் பார்க்கச் சொல்வேன். அப்போதும் தெளியவில்லை என்றால் விதியைப் பார்க்கலாம். ‘வந்து போனான்’, ‘செய்து கொடுத்தான்’ என்பவற்றில் மிகாமலும் ‘படித்துக் கொடுத்தான்’ என்பதில் மிகுந்தும் வருவது ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குக் குற்றியலுகரம் நடத்தும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். வன்றொடர்க் குற்றியலுகரத்துக்குப் (படித்து) பின் மிகும், மென்தொடருக்கும் (வந்து) உயிர்த்தொடருக்கும் இடைத்தொடருக்கும் (செய்து) பின் வினையெச்சத்தில் மிகாது. கேள்வி பிறந்தபிறகு இந்த விதியைச் சொன்னால் ஐந்து நிமிடம்தான் ஆகும். கேள்வி பிறக்காமல் சொன்னால் ஒரு வாரம் நடத்தினாலும் நிற்காது.

நிறுத்தக்குறிகள் வெளியிலிருந்து வந்தவைதானே? தமிழுக்கு அவை தேவையா?

ஓலைச்சுவடியில் இன்று நாம் இடும் குறிகள் கிடையாது. சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் தெரியாது. ஆசிரியர் வாயால் சொல்லி, மாணவர் காதால் கேட்டுப் பாடம் நடந்த காலம் அது. சுவடி நினைவூட்டும் கருவியாக இருந்தது; எங்கே நிறுத்துவது என்பது ஆசிரியரின் குரலில் இருந்தது.

அச்சு வந்து, உரைநடை பெருகி, ஆசிரியர் அருகில் இல்லாமல் ஒருவர் தனியாக, ஓசையின்றிப் படிக்கும் காலம் வந்ததும் அந்தக் குரலின் வேலையைச் செய்யக் குறிகள் தேவைப்பட்டன. இந்த மாற்றத்தில் நம் பகுதிக்கும் பங்கு உண்டு. கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் தங்கிப் பணியாற்றிய வீரமாமுனிவர்தான் ஏ, ஓ ஆகிய நெடில்களுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர். 1820இல் நெல்லைக்கு வந்து, 1838இல் பாளையங்கோட்டையில் இறந்த ஜெர்மானியப் பாதிரியார் இரேனியஸ், தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதி வெளியிட்டார். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் உரைநடை நூல்களை நிறுத்தக்குறிகளோடு ஒழுங்காக அச்சிட்டதில் முன்னோடி. குறிகள் வெளியிலிருந்து வந்தவை என்பது உண்மை. ஆனால் அவற்றை எங்கே இடுவது என்பதைத் தமிழ் வாக்கியத்தின் கட்டுமானம்தான் தீர்மானிக்க வேண்டும். ஆங்கிலப் பாடத்தில் சொல்லிக்கொடுத்த இடத்திலெல்லாம் தமிழிலும் புள்ளி வைக்கக் கூடாது.

காற்புள்ளியை எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது?

இதில்தான் குழப்பம் அதிகம். முதலில், காற்புள்ளி இல்லாவிட்டால் என்ன கெடும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

‘மாரியப்பன் அண்ணன் முருகன் வந்தார்கள்.’ எத்தனை பேர் வந்தார்கள்? மாரியப்பனின் அண்ணன் பெயர் முருகனா? அப்படியானால் வந்தவர் ஒருவர். ‘வந்தார்’ என்றே இருந்திருக்கும். ‘மாரியப்பன், அண்ணன் முருகன் வந்தார்கள்’ என்றால் இரண்டு பேர். ‘மாரியப்பன், அண்ணன், முருகன் வந்தார்கள்’ என்றால் மூன்று பேர். பலகையில் எழுதிவிட்டு மூன்று பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, காற்புள்ளியை மாற்ற மாற்ற ஒருவரை உட்கார வைக்கலாம். வகுப்பு முழுக்க விழித்துக்கொள்ளும்.

இன்னொன்று. ‘நேற்று தென்காசிக்குப் போன அண்ணனை மணி பார்த்தான்.’ அண்ணன் நேற்றுப் போனாரா, மணி நேற்றுப் பார்த்தானா? ‘நேற்று, தென்காசிக்குப் போன அண்ணனை மணி பார்த்தான்’ என்றால் பார்த்தது நேற்று. அண்ணன் போனதுதான் நேற்று என்று சொல்ல வேண்டுமானால், ‘நேற்று தென்காசிக்குப் போன அண்ணனை, மணி இன்று பார்த்தான்’ என்று ஒரு சொல்லைச் சேர்ப்பதே நல்லது. இதுவும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம்: குறியால் சரிசெய்ய முடியாத வாக்கியத்தைச் சொற்களை மாற்றிப்போட்டுச் சரிசெய்ய வேண்டும்.

சரி, வைக்க வேண்டிய இடங்கள். விளிக்குப் பின்: ‘அண்ணாச்சி, கடை திறந்திருக்கிறதா?’ அடுக்கி வரும் சொற்களுக்கு இடையே: ‘அல்வா, மிக்சர், முறுக்கு ஆகியவற்றை வாங்கினோம்.’ அடுக்கி வரும் எச்சங்களுக்கு இடையே: ‘எழுந்து, ஆற்றில் குளித்து, சாப்பிட்டு, பள்ளிக்குக் கிளம்பினான்.’ ஆனால், எனவே, ஆகவே போன்றவற்றால் தொடங்கும் வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்குப் பின் வைப்பது எழுதுகிறவர் விருப்பம். நீளமான வாக்கியமாக இருந்தால் வைத்தால் நல்லது, ‘ஆனால் அவன் வரவில்லை’ என்ற சின்ன வாக்கியத்துக்கு எதற்கு?

வைக்கக் கூடாத இடங்களில் முதலாவது எழுவாய்க்குப் பின். ‘என் அப்பா, தினமும் காலையில் வயலுக்குப் போவார்’ என்று எழுதுகிறார்கள். மூச்சு விடும் இடத்தில் எல்லாம் புள்ளி வைக்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததன் விளைவு அது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் நீளமான தொடர் எதுவும் புகாதபோது காற்புள்ளி வேண்டாம். இரண்டாவது, ‘உம்’ வரும் இடம். ‘அல்வாவும் மிக்சரும் முறுக்கும் வாங்கினோம்’ என்பதில் ‘உம்’ தானே சொற்களைக் கோத்துவிடுகிறது; காற்புள்ளி அங்கே மிகை.

‘மற்றும்’ என்ற சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘அண்ணன், தம்பி மற்றும் தங்கை வந்தார்கள்’ என்பது ஆங்கிலப் பாடத்திலிருந்து வழிந்த வாக்கியம். ‘அண்ணனும் தம்பியும் தங்கையும் வந்தார்கள்.’ இதைவிட அழகான வாக்கியத்தை யார் எழுத முடியும்? என் வகுப்பில் ‘மற்றும்’ வந்தால் அடிக்கோடு போட்டுத் திருப்பிக்கொடுத்து, ‘உம்’ போட்டு எழுதிவரச் சொல்கிறேன்.

அரைப்புள்ளி (;), முக்காற்புள்ளி (:) எல்லாம் வேண்டுமா?

தெரிந்திருக்கட்டும், வற்புறுத்த வேண்டாம். ஒரே எழுவாயில் பல செய்திகள் வாக்கியங்களாக அடுக்கி வரும்போது அரைப்புள்ளி உதவும். பட்டியல், விளக்கம், உரையாடலில் பேசுகிறவர் பெயர் ஆகியவற்றுக்குப் பின் முக்காற்புள்ளி. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் கைவந்த பிள்ளைக்கு இவற்றை ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

வினாக்குறியிலும் மேற்கோள்குறியிலும் அடிக்கடி வரும் பிழை எது?

நேர்கூற்றையும் அயற்கூற்றையும் கலப்பது. ‘நீ எப்போது வருவாய்?’ என்று அம்மா கேட்டாள். இதில் கேள்வி மேற்கோளுக்குள் இருக்கிறது, குறியும் உள்ளேயே இருக்க வேண்டும். நான் எப்போது வருவேன் என்று அம்மா கேட்டாள். இது செய்தி வாக்கியம், முற்றுப்புள்ளிதான். ‘கேட்டாள்’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் கடைசியில் வினாக்குறி போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது.

உணர்ச்சிக்குறியை ஒன்றுக்கு மேல் அடுக்கும் வழக்கம் இப்போது கைப்பேசியிலிருந்து நோட்டுக்கு வந்திருக்கிறது. ஒன்று போதும் என்று சொன்னால் பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள்.

சொற்களைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?

பொருள்தான் அளவுகோல். ‘அப்பா பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார்.’ இதில் ‘விடு’ துணைவினை. வந்தது முடிந்தது என்பதைச் சொல்கிறது. ‘அப்பா என்னைப் பள்ளி வாசல்வரை வந்து விட்டார்.’ இதில் வந்ததும் ஒரு செயல், விட்டதும் ஒரு செயல். முதலாவதைச் சேர்த்து எழுத வேண்டும், இரண்டாவதைப் பிரித்து எழுத வேண்டும். ‘டீச்சர் பாடம் சொல்லிக்கொடுத்தார்’ என்பதையும் ‘கடைக்காரர் விலையைச் சொல்லிக் கொடுத்தார்’ என்பதையும் இப்படியே ஒப்பிடலாம்.

துணைவினைகளும் ஒன்பதாம் வகுப்பில் பாடமாகவே இருக்கின்றன. அந்தப் பாடத்தை நடத்தும்போதே இடைவெளியையும் சேர்த்து நடத்திவிட்டால் இரட்டை வேலை மிச்சம். தான், போல, கூட, உடன் போன்றவற்றை முன் சொல்லோடு சேர்த்து எழுதப் பழக்கலாம்: அவன்தான், மயில்போல. அச்சில் இதில் பல வழக்கங்கள் இருக்கின்றன. ஒரு கட்டுரைக்குள் ஒரே வழக்கம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் கண்டிப்பாகக் கேட்பேன்.

ஒருமை, பன்மைப் பிழைகள்?

பேச்சில் ‘மாடுகள் வந்தது’ என்கிறோம். எழுத்தில் ‘மாடுகள் வந்தன’. ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்பது தவறு, ‘ஒவ்வொரு மாணவரும்’. கட்டுரையை எழுதிமுடித்தபின் ‘கள்’ வரும் சொற்களுக்குக் கீழே மட்டும் கோடு போட்டு, அவற்றின் வினைமுற்றைத் தேடிப் பார்க்கச் சொன்னால் இந்தப் பிழை சீக்கிரம் போய்விடும்.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?

பாடநூலில் ‘எழுத்துகள்’, ‘வாழ்த்துகள்’ என்றே வருகிறது. தேர்வு எழுதும் பிள்ளை அப்படியே எழுதட்டும். ‘கள்’ இங்கே பன்மை விகுதிதான், தனிச்சொல் அன்று. அதனால் ஒற்று மிக வேண்டியதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஒற்று மிகுத்து எழுதும் வழக்கமும் அச்சில் நெடுங்காலமாக உண்டு. அதற்காக ஒருவரை வாட்ஸ்அப் குழுவில் திருத்திச் சண்டை போடும் நேரத்தில் ஒரு பத்தி எழுதிப் பழகலாம்.

நன்னூல் நூற்பாக்களை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டுமா?

சிலவற்றை, ஆம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுத்தையும் சொல்லையும் இவ்வளவு சுருக்கமாகக் கட்டிவைத்ததே மனத்தில் நிற்பதற்காகத்தான். உடம்படுமெய், பதவியல், புணர்ச்சி ஆகியவற்றில் முக்கியமானவற்றைப் பொருள் புரிந்தபின் ஓசையோடு சொல்லிப் பழகினால் வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும்.

இதில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. நன்னூலுக்கு விருத்தியுரை எழுதிய சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர். ஊற்றுமலை மருதப்பத் தேவரின் ஆதரவில் அதை எழுதினார். அந்த உரையைத் திருத்தியும் விரித்தும் செப்பம் செய்த சிவஞான முனிவர், பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்கள் எழுதிய உரைகளைத் தமிழகம் முழுவதும் இலக்கணம் படித்தவர்கள் படித்தார்கள். பாபநாசம் பேருந்தில் தினமும் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். இலக்கணம் எங்கோ மதுரையிலும் சென்னையிலும் இருப்பவர்களுடைய சொத்து என்ற நினைப்பு அன்றோடு போய்விடும்.

யாப்பைக் கண்டாலே பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அலகிடுதலை, அதாவது செய்யுளை அசை அசையாகப் பிரிப்பதை, எப்படி நடத்துவது?

நம் பக்கத்துப் பெயர்களைக் கொண்டு தொடங்குங்கள். நெல்லை: நெல், லை, நேர் நேர், தேமா. பொருநை: பொரு, நை, நிரை நேர், புளிமா. தாமிரம்: தா, மிரம், நேர் நிரை, கூவிளம். அகத்தியர்: அகத், தியர், நிரை நிரை, கருவிளம். நான்கு ஈரசைச் சீரும் முடிந்தது. குற்றாலத்தையும் தென்காசியையும் அலகிட்டால் இரண்டும் தேமாங்காய் என்று வரும். மூவசைச் சீருக்குள் நுழைந்துவிடலாம். பிறகு ஒவ்வொருவரும் தன் பெயரை, தன் ஊர்ப்பெயரை அலகிடட்டும். திருக்குறளுக்குப் போவதற்குள் கை பழகியிருக்கும். கையைத் தட்டிச் சொல்ல வைப்பது நல்லது. அசை என்பது காதால் அறிய வேண்டியது.

நாற்பது நோட்டுகளை எப்படித் திருத்துவது? எல்லாப் பிழையையும் சுட்டிக்காட்ட வேண்டாமா?

வேண்டாம். பக்கம் முழுக்கச் சிவப்பு மையைப் பார்க்கும் பிள்ளை எதையும் படிப்பதில்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கிறது. ஒரு கட்டுரைக்கு ஒரு வகைப் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் சந்தி மட்டும், அடுத்த வாரம் காற்புள்ளி மட்டும், அதற்கடுத்த வாரம் ஒருமை பன்மை. எதைத் திருத்தப் போகிறீர்கள் என்பதை எழுதுவதற்கு முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள். சொன்னாலே பாதிப் பிழை வராது.

திருத்தும்போது சரியான வடிவத்தை நான் எழுதுவதில்லை. அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ‘ச’ என்று எழுதினால் சந்தி, ‘கு’ என்றால் குறி, ‘எ’ என்றால் எண் (ஒருமை, பன்மை). அந்த வரியில் பிழை எங்கே என்று பிள்ளைதான் தேட வேண்டும். தேடும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் கற்றல் நடக்கிறது. கண்டுபிடித்த வாக்கியத்தை நோட்டின் கடைசிப் பக்கங்களில் சரியாக எழுதிவைக்கச் சொல்வேன். முழுக் கட்டுரையையும் திரும்ப எழுத வைப்பது தண்டனை. மூன்று வாக்கியத்தைத் திரும்ப எழுதினால் போதும்.

நோட்டு என்னிடம் வருவதற்கு முன் இன்னொரு வேலை உண்டு. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் கட்டுரையை மற்றவர் உரக்கப் படிக்க வேண்டும். எழுதியவர் படிக்கக் கூடாது. அவருக்குத் தான் நினைத்தது தெரியும், அதனால் குறி இல்லாத இடத்திலும் சரியாக நிறுத்திவிடுவார். மற்றவர் படிக்கும்போது தடுமாறும் இடத்தில் எழுதியவர் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் காற்புள்ளியோ ஒற்றோ விடுபட்டிருக்கும், அல்லது வாக்கியம் அளவுக்கு மீறி நீண்டிருக்கும். இதைச் செய்தபிறகு வரும் நோட்டில் எனக்கு வேலை குறைவு.

பொதுத்தேர்வுக்கு இதெல்லாம் உதவுமா?

உதவும். 2019–20 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்புத் தமிழ் ஒரே தாள், 100 மதிப்பெண். இலக்கணத்துக்கு என்று தனித் தாள் இல்லாததால் அதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்கும் வழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. குறுவினா, நெடுவினா, கடிதம், கட்டுரை என்று எதை எழுதினாலும் வாக்கியமாகத்தான் எழுத வேண்டும். பிழையில்லாத வாக்கியம் எல்லாப் பகுதியிலும் மதிப்பெண்ணைக் காப்பாற்றும். இலக்கணக்குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம் ஆகியவற்றைக் கைடைப் பார்த்து ஒப்பிக்கும் பிள்ளை, கைடில் இல்லாத சொல் வந்தால் நின்றுவிடும். தானே பிரித்துப் பழகிய பிள்ளை எந்தச் சொல்லையும் பிரிக்கும்.

நாங்கள் அதிகம் படிக்காதவர்கள். வீட்டில் எப்படி உதவுவது?

இதைக் கேட்பவர்களில் பீடி சுற்றும் அம்மாக்கள் நிறையப் பேர். அவர்களிடம் நான் சொல்வது: உங்களுக்கு விதி தெரிய வேண்டாம். நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, தான் எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாத இடத்தில் ‘என்னம்மா சொல்லுத, திரும்பச் சொல்லு’ என்று கேளுங்கள். அந்த இடத்தில் பிள்ளை வாக்கியத்தை மாற்றிச் சொல்லும். மாற்றிச் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். தினத்தாளில் ஒரு செய்தியைப் படிக்கச் சொல்லியும் கேட்கலாம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திப் படிக்கிறதா என்பதைக் கேட்டாலே தெரியும். பத்து நிமிடம் போதும், ஆனால் நாள்தோறும் நடக்க வேண்டும்.

கைப்பேசியில் தமிழ் தட்டெழுதுவது கெடுதலா?

தமிழ் எழுத்திலேயே தட்டெழுதினால் கெடுதல் இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கம்தான் ழ, ள, ல வேறுபாட்டையும் குறில் நெடிலையும் மறக்கடிக்கிறது. இணையத்தில் சந்திப்பிழை திருத்திகள் இருக்கின்றன. கட்டுரையை எழுதியபின் சரிபார்க்கப் பயன்படுத்தலாம். அது காட்டும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ‘ஏன்’ என்று பிள்ளை ஒரு வரியில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு என் வகுப்பில் அனுமதிக்கிறேன். காரணம் சொல்ல முடியாத திருத்தத்தை அடுத்த நாள் வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள், எல்லோருமாகச் சேர்ந்து பார்க்கிறோம்.